ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை: முதல் கேமிங் பிசியில் ஒத்துப்போகாத பாகங்களைப் பிடிப்பது எப்படி

இரவு பதினொன்றரைக்கு அக்கா மகன் திருச்சியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, ஃபேன் சுத்துது, லைட்டெல்லாம் எரியுது, ஸ்கிரீன்ல மட்டும் ஒண்ணுமே வரல." ஆறு மாதம் சேர்த்த காசு, குரல் கம்மியிருந்தது. வீடியோ காலில் காட்டச் சொன்னேன். ரைசன் 5 5600, ஒரு பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060. எல்லாம் புதுசு, எல்லாம் நல்ல சரக்கு. ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. அந்த மதர்போர்டுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

முதல் முறையாக பிசி கட்டுகிறவர்கள் என்னிடம் கொண்டு வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். பாகம் உயிரோடுதான் இருக்கும். பக்கத்துப் பாகத்தோடு சேராது. அதனால் எது செத்துப்போச்சு என்று ஆரம்பிக்காமல், எந்த இரண்டு பாகங்களுக்குள் ஒத்துவரவில்லை என்று தேடினால் பாதி நேரம் மிச்சம். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிசி செய்கிற சேட்டை எதுவோ, நேராக அங்கே போய்ப் படியுங்கள்.

ஒன்றே ஒன்று முன்னாடியே: கேபினட்டுக்குள் கை வைக்கும்போது சுவரிலிருந்து பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சமுள்ள மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை

பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். சிரிக்காதீர்கள், இதற்காகவே ஒரு தடவை பதினைந்து கிலோமீட்டர் பைக்கில் போயிருக்கிறேன்.

அடுத்தது கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் பொடி வயர்கள். பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு பின் கிளிப்பை எந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடி வயருக்குத்தான் பிளஸ், மைனஸ் முக்கியம். ஆனால் ஒரு பின் தள்ளிச் செருகிவிட்டால் ஒன்றும் நடக்காது. சந்தேகம் வந்தால் வயரைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலுள்ள அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பிசி கிளம்பிவிட்டால் மதர்போர்டில் குறையில்லை, பட்டனிலோ வயரிலோதான்.

24 பின் பெரிய வயர் 'டக்' என்று கொக்கி விழும்வரை இறங்க வேண்டும். புது போர்டில் இது பயமுறுத்தும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். போர்டு வளையாமல் அடியில் ஒரு கையைக் கொடுத்து அழுத்துங்கள்.

அரை நொடி ஃபேன் அசைந்து உடனே நின்றுவிடுகிறதா? எங்கேயோ ஷார்ட் ஆகிறது. பெரிய ஏடிஎக்ஸ் கேபினட்டில் சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை மாட்டுகிறவர்களுக்கு இது அதிகம் வரும். போர்டைத் தாங்க கேபினட்டில் பித்தளைக் குமிழ்களைத் திருகியிருப்பார்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்றால் அது போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்கும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், இரண்டு பவர் வயர்கள் போதும். அட்டையின் மேல் ஓடுகிறது, கேபினட்டுக்குள் ஓடவில்லை என்றால் குமிழ்களை எண்ணுங்கள்.

வயர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. பிராசசருக்குப் போகும் எட்டு பின் வயரும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் எட்டு பின் வயரும் அண்ணன் தம்பி போல இருக்கும். முதலாவது நான்கும் நான்குமாகப் பிரியும், இரண்டாவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மாற்றிப் போட முடியாதபடிதான் ஓட்டைகளை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனாலும் முக்கி முக்கி அழுத்துகிறவர்கள் உண்டு. உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருப்பதால் அதன் விளைவு நன்றாக இருக்காது.

இன்னொன்று, கழற்றி மாட்டும் வயருள்ள எஸ்எம்பிஎஸ். ஒரு கம்பெனியின் வயரை இன்னொரு கம்பெனியின் எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே கூடாது. வயரின் மறுமுனையெல்லாம் ஒரே தரம்தான். எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடலே மாறும். என் நண்பர் ஒருவர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியபோது, உள்ளே கட்டி அழகுபடுத்தியிருந்த பழைய சாட்டா வயரை அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே புதியதில் செருகினார். ஒரு நொடி, லேசான கருகல் வாடை. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், எட்டு வருடக் குடும்பப் படங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு

நூற்றுக்கு எண்பது பேர் வந்து நிற்கும் இடம் இதுதான் என்று தோன்றும் அளவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதனால் நிதானமாகப் போவோம்.

முதலில் மானிட்டர் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பிசியின் பின்பக்கம் மேலே யுஎஸ்பி ஓட்டைகளுக்கு நடுவே ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் இருக்கும் வரிசைதான் கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு போட்டிருந்தால் வயர் கீழே போக வேண்டும்.

மேலே இருக்கும் எச்டிஎம்ஐ எல்லாப் பிராசசரோடும் வேலை செய்யாது. இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால், உதாரணமாக 12400எஃப், உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) காலத்து 5600, 5600எக்ஸ் இரண்டிலும் கிடையாது, 5600ஜியில் உண்டு. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு வந்த 7600-இல் பேருக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், 7500எஃப்-இல் இல்லை. "கார்டு அடுத்த மாசம் வாங்கிக்கலாம், அதுவரை சமாளிக்கலாம்" என்று 12400எஃப் வாங்கியவர் அடுத்த மாதம்வரை இருட்டுத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, வயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது. இப்போது மதர்போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விலை குறைந்த போர்டுகளில் இந்த விளக்கு இருக்காது. அதற்காகவே இருநூறு, முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து விளக்குள்ள போர்டு வாங்கலாம் என்பது என் கட்சி. ஆர்ஜிபி விளக்கைவிட இந்த நான்கும் அழகு.

*டிராம் விளக்கு நின்றால்.* ராம் முழுதாக இறங்கவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி. மறுபக்கம் இறங்கியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. எடுத்துவிட்டு இரண்டு முனையையும் கட்டை விரலால் அழுத்திப் போடுங்கள். நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ராம் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒன்றை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டாவதில் வையுங்கள்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். நடுவிலிருக்கும் வெட்டு மட்டும் இடம் தள்ளியிருக்கும். ராம் பாதியில் நின்று இறங்க மறுத்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், பெட்டியைப் படியுங்கள். ஏஎம்4 போர்டு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும் எடுக்கும். குழப்பம் இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில்தான். 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் இரண்டையும் ஏற்கும், ஆனால் போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே பி760 பெயரில், பெட்டியின் மூலையில் 'டி4' என்ற இரண்டு எழுத்து மட்டும் வித்தியாசமாக இரண்டு போர்டுகள் விற்பனையில் இருக்கும்.

ஏஎம்5 போர்டு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது: சும்மா இருப்பது. டிடிஆர்5 ராமை முதல் தடவை பார்க்கும்போது போர்டு அதை அளந்து பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டு, மஞ்சள் விளக்கு. பத்து நிமிடம் விட்டுவிட்டு ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள். பதற்றத்தில் நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

*சிபியு விளக்கு நின்றால்.* பிராசசர் பவர் வயர் போட்டாயிற்றா? மேல் இடது மூலையில் இருக்கும், கூலரை மாட்டிய பிறகு கை நுழையாது, அதனால் பலர் மறந்துவிடுவார்கள். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், பிராசசர் மட்டும் பட்டினி.

வயர் இருக்கிறது என்றால் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் பிசியை எழுப்பும் போர்டின் சொந்த மென்பொருள். என் அக்கா மகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. 5600 வந்தது 2022-இல். சாக்கெட் இரண்டுக்கும் ஏஎம்4 தான், பிராசசர் ஜம்மென்று உட்கார்ந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் பல வருடம் தூங்கிய போர்டின் பயாஸுக்கு, தான் தூங்கப்போன பிறகு பிறந்த பிராசசரைத் தெரிய வழியில்லை. இதே கதை மற்ற இடங்களிலும் உண்டு: பழைய எச்610, பி660 போர்டில் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை, ஆரம்ப கால பி650 போர்டில் ரைசன் 9000 வரிசை. சாக்கெட் பொருந்துவது ஒரு பொருத்தம், பயாஸ் பொருந்துவது இன்னொரு பொருத்தம். இரண்டும் பார்த்தால்தான் கல்யாணம்.

போர்டு தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி, சிபியு சப்போர்ட் என்ற பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு பிராசசருக்கும் நேராக, குறைந்தபட்சம் எந்தப் பயாஸ் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். உங்கள் போர்டில் இப்போது இருக்கும் பயாஸ் எண், பெட்டியிலோ போர்டிலோ ஒட்டிய சின்ன ஸ்டிக்கரில் இருக்கலாம்.

புதுப்பிக்க இரண்டு வழி. போர்டின் பின்பக்கம் 'ஃப்ளாஷ்' என்று ஒரு பட்டன் இருந்தால் அதிர்ஷ்டம். பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்து, பயாஸ் ஃபைலை அதில் போட்டு, கையேட்டில் சொன்ன பெயரை அப்படியே வைத்து, குறிப்பிட்ட அந்த ஒரு யுஎஸ்பி ஓட்டையில் செருகி, பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். நிற்கும்வரை யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரென்றால் யுபிஎஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்காதீர்கள்.

பட்டன் இல்லாத போர்டில், அதற்குத் தெரிந்த பழைய பிராசசர் ஒன்றை மாட்டிப் புதுப்பிப்பதுதான் வழி. அக்கா மகனின் போர்டில் பட்டன் இல்லை. மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனான். கடைக்காரர் டிராயரிலிருந்து ஒரு பழைய ரைசன் 2000 வரிசைப் பிராசசரை எடுத்து மாட்டி, பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். "வாங்கும்போதே சொல்லியிருந்தா அப்பவே பண்ணியிருப்பேனே தம்பி" என்றாராம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர் பஜாரில் வாங்கினாலும் சரி, காசு கொடுக்கும் முன் "இந்தப் பிராசசருக்கு பயாஸ் அப்டேட் ஆயிருக்கா, இங்கேயே போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கவுண்டர் கிடையாது. அவர்கள் ஃப்ளாஷ் பட்டனுள்ள போர்டாகவே வாங்குவது நல்லது.

*விஜிஏ விளக்கு நின்றால்.* கார்டின் தலையில் பவர் வயர் செருகியிருக்கிறதா, கார்டு ஸ்லாட்டில் முழுதாக இறங்கிக் கொக்கி விழுந்ததா, இந்த இரண்டும்தான். இரண்டு எட்டு பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே வயரில் தொங்கும் இரட்டை முனையைப் போடாமல் இரண்டு தனி வயர் கொடுங்கள். எட்டு பின் ஒன்றுக்கு 150 வாட்தான் கணக்கு. புதிய கார்டுகளில் வரும் 16 பின் வயரை இடைவெளி தெரியாதபடி கடைசிவரை தள்ளுங்கள், செருகிய இடத்திலேயே மடக்காதீர்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் முனை உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முழுதாக இறங்காமல் நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

*பூட் விளக்கு நின்றால்* நல்ல செய்தி. உள்ளே விண்டோஸ் இல்லை, அவ்வளவுதான்.

ஆன் ஆகிறது, அணைகிறது, மறுபடி ஆன் ஆகிறது

இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டுக் கிளம்பினால் விட்டுவிடுங்கள், ராமைப் பழகுகிறது. நிற்காமல் செய்தால் ஒரே ராமோடு போட்டுப் பாருங்கள். ராமின் வேகத்தைக் கூட்டி வைத்த பிறகு ஆரம்பித்தது என்றால், சிமாஸை (பயாஸில் செய்த மாற்றங்களின் நினைவை) அழியுங்கள்: பவரைப் பிடுங்கி, போர்டிலுள்ள காசு மாதிரி வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும். அதற்கும் அடங்கவில்லை என்றால் பிராசசரைத் தூக்கி சாக்கெட்டின் பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். எல்ஜிஏ 1700-உம் ஏஎம்5-உம் பின்களைப் போர்டில் வைத்திருக்கின்றன. வரிசையில் ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. ஏஎம்4-இல் பின் பிராசசரின் வயிற்றில் இருக்கும். அதன் கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். லேசாக இடம் வலம் திருகிவிட்டு எடுங்கள்.

விளையாடும்போது சட்டென்று அணைகிறது

எப்படி அணைகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் விளையாட்டு திக்கித் திணறி, ஃபேன் கத்தி, அப்புறம் அணைந்தால் சூடு. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பெரிய சண்டைக் காட்சியில் சுவிட்சை யாரோ தட்டிய மாதிரி போனது என்றால் மின்சாரம். சூட்டை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

மின்சாரக் கணக்கு கஷ்டமில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். 5600 பிராசசருக்கு 75 என்று வையுங்கள். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50. கிட்டத்தட்ட 300. "என்கிட்ட 500 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கே" என்பீர்கள். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். 20 என்று இருந்தால் 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 240 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். பெட்டியின் மேல் 500 என்று எழுதியது வேறு கணக்கு. கேபினட்டோடு 'ஃப்ரீ'யாக வரும் எஸ்எம்பிஎஸ்கள் பலவும் இந்த ரகம். கார்டு கண்சிமிட்டும் நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும் என்பதால் கூட்டிப் பார்த்த எண்ணுக்கு மேல் தாராளமாக இடம் விட வேண்டும். இந்தக் கட்டமைப்புக்கு நல்ல கம்பெனியின் 550 வாட், '80 பிளஸ் புரோன்ஸ்' திறன் சான்றுள்ளது போதும். 850 வாங்கினாலும் தப்பில்லை, காசுதான் அதிகம்.

நம்ம ஊரில் இன்னொரு குற்றவாளி உண்டு: யுபிஎஸ். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில்தான் புது பிசியையும் செருகுவோம். அது தரக்கூடியது பெரும்பாலும் 360 வாட். மேலே சொன்ன 300 வாட்டைக் கொடுக்க, 85 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 350-க்கு மேல் இழுக்கும். மானிட்டருக்கு ஒரு 30. கணக்கு தாண்டிவிட்டது. யுபிஎஸ் 'கீ' என்று கத்திவிட்டு மொத்தத்தையும் அணைக்கும், பழி எஸ்எம்பிஎஸ் மேல் விழும். ஒரே ஒரு நாள் சுவர் பிளக்கில் நேராகச் செருகி விளையாடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிளக் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு நின்று கேபினட்டின் திருகைத் தொட்டால் எறும்பு ஊருகிற மாதிரி சுருக்கென்கிறதா? பிசியில் ஷார்ட் என்று பயப்பட வேண்டாம். வீட்டு எர்த் வேலை செய்யவில்லை, அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருக்கிறீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாகத்தான் கசிவை அனுப்பும். எர்த் இல்லையென்றால் அது கேபினட்டில் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ஃபேன் கத்துகிறது, சூடு 95 டிகிரி

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தீர்களா? 'நீக்கவும்' என்று அதிலேயே எழுதியிருக்கும். எழுதியிருந்தும்...

உரித்தாயிற்று என்றால் கூலரும் சாக்கெட்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இன்டெலின் பழைய எல்ஜிஏ 1200 வரை கூலர் ஓட்டைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் அது 78. பழைய பிசியிலிருந்து எடுத்த கூலரை இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், பிராசசர் வேகும். கூலர் கம்பெனி தரும் 1700 கிட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏஎம்4 கூலர்கள் பல ஏஎம்5-இலும் பொருந்தும். ஆனால் போர்டின் முதுகுத் தகட்டைக் கழற்றிவிட்டுத் தன் தகட்டைப் போடச் சொல்லும் கூலர் பொருந்தாது, ஏனென்றால் ஏஎம்5-இல் அந்தத் தகடுதான் சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

7600எக்ஸ், 7700எக்ஸ் மாதிரிப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவது ஏஎம்டியே போட்டுவைத்த கணக்கு. அதே 95, விண்டோஸ் திரையில் சும்மா இருக்கும்போது தெரிந்தால்தான் கவலை.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேம் இழுக்கிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். 3200 வேக ராம் வாங்கியிருக்கிறீர்கள், அங்கே 2133 அல்லது 2666 என்று காட்டுகிறதா? பெட்டியில் போட்ட வேகம் தானாக வராது. பயாஸில் இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்5 என்றால் எக்ஸ்போ என்றிருப்பதை ஆன் செய்ய வேண்டும். சிமாஸை அழித்தாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ இது பழையபடி ஆஃப் ஆகிவிடும், மறுபடி போட வேண்டும். ஒரே 16 ஜிபி ராமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டிருந்தாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-இலேயே விட்டிருப்பவர்களை எண்ணி மாளாது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு பொருந்தாமை. கிராபிக்ஸ் கார்டு பார்க்க நீளமாக 16 வழி (தரவு போய்வரும் தடம்) ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும், உள்ளே எல்லாக் கார்டும் 16 வழியையும் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் ஆர்எக்ஸ் 6600-க்கும் 8 வழி. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு 4 வழிதான், அதுவும் பிசிஐஇ 4.0 (கார்டும் போர்டும் பேசும் இணைப்பின் தலைமுறை) வேகத்தை நம்பி. அதை பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பி450, ஏ520 போர்டில் மாட்டினால் பாதை பாதியாகக் குறுகிவிடும். கார்டிலிருக்கும் மெமரியும் 4 ஜிபிதான் என்பதால், அது நிரம்பும்போதெல்லாம் அந்தக் குறுகிய பாதையில் ஓடி ஓடிப் படம் திக்கும். பட்ஜெட் கார்டு என்று பழைய போர்டுக்காரர்கள்தான் அதை அதிகம் வாங்குவார்கள்; அவர்களுக்குத்தான் அது ஒத்துவராது.

போர்டு புதுசாக இருந்தாலும் பிராசசர் காலை வாரலாம். ரைசன் 5 5500, 5600, 5600ஜி மூன்றும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை. இவற்றில் 5600 மட்டும்தான் பிசிஐஇ 4.0. மற்ற இரண்டும் எந்தப் போர்டில் போட்டாலும் 3.0. 4060 மாதிரி 8 வழிக் கார்டில் இந்த இழப்பு சின்னது, அதற்காகப் போர்டை மாற்றத் தேவையில்லை.

எஸ்எஸ்டியைக் காணோம்

பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியவில்லை என்றால் ஒன்றுமில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் புது வட்டைத் துவக்கிப் பார்ட்டிஷன் போடுங்கள்.

பயாஸிலும் தெரியவில்லையா? எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் வரும், என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ. போர்டின் ஒவ்வொரு எம்.2 ஸ்லாட்டும் எதை ஏற்கும் என்பது கையேட்டில் இருக்கும். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டாவைப் போட்டால் அது இருப்பதே போர்டுக்குத் தெரியாது. புது எம்.2 போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் மறைந்துவிட்டால், இரண்டும் ஒரே பாதையைப் பங்கு போடுகின்றன என்று பொருள். சாட்டா வயரை வேறு எண்ணுள்ள ஓட்டைக்கு மாற்றுங்கள்.

கேபினட் மூடவில்லை

கூலரின் உயரம், கார்டின் நீளம். இந்த இரண்டு எண்களையும் கேபினட் கம்பெனியே மில்லிமீட்டரில் போட்டிருக்கும். ஒற்றைக் கோபுரக் கூலர்களே 155 மில்லிமீட்டரைத் தொடும், ஒல்லிக் கேபினட்டில் கண்ணாடி மூடாது. முன்பக்கம் தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டர் மாட்டினால் கார்டுக்கான நீளத்தில் அதன் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் வந்துவிட்டது, வாலரன்ட் மட்டும் திறக்கவில்லை

கடையிலிருந்து போர்டு திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். "மாமா, எல்லா கேமும் ஓடுது, வாலரன்ட் மட்டும் வேன் 9001-னு காட்டிட்டு மூடிக்குது." நண்பன் கொடுத்த பென்டிரைவில் விண்டோஸ் 11 போட்டிருக்கிறான். டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் அமைப்பு) சோதனையைத் தாண்டிப் போகிற மாதிரி தயார் செய்த பென்டிரைவ் அது. விண்டோஸை ஏமாற்றலாம், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் அமைப்பு) இருக்கிறதா என்று வாலரன்ட் தானே பார்க்கும்.

வேறு பாகம் வாங்க வேண்டியதில்லை. டிபிஎம் என்பது இந்தப் பிராசசர்களுக்குள்ளேயே இருக்கிறது. பயாஸில் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம், இன்டெல் என்றால் பிடிடி என்ற பெயரில் ஆன் செய்ய வேண்டும். செக்யூர் பூட்டைப் போடும் முன் சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைக்க வேண்டும். அணைக்கும் முன் ஒரு சோதனை: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் விண்டோஸ் இருக்கும் வட்டின் பிராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் பக்கத்தில் வட்டைப் பிரித்த முறை ஜிபிடி என்று இருந்தால் தைரியமாக அணைக்கலாம். எம்பிஆர் என்று இருந்தால் அப்படியே அணைத்தால் விண்டோஸ் எழுந்திருக்காது. முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிய பிறகு அணைக்க வேண்டும்.

அவனுடையது ஜிபிடி. போனைக் காதில் வைத்துக்கொண்டே மூன்று இடத்தில் மாற்றினான். "சேவ் பண்ணி வெளிய வா" என்றேன். கீபோர்டு தட்டும் சத்தம், ஃபேன் கிளம்பும் சத்தம், அப்புறம் "வந்துருச்சு மாமா" என்று ஒரு குரல். நன்றி சொல்லும் முன் போனை வைத்துவிட்டான்.